சாதுவான குடித்தனக்காரர்கள்

இரட்டைப் பிறவிகளை வைத்துக் கதை பண்ணுவது எங்கள் தொழிலில் பழைய தந்திரம். ஒருவன் கொலைகாரன், மற்றவன் பரமசாது. முகம் மட்டும் ஒன்று. கடைசி அத்தியாயத்தில் ஒரு மச்சத்தைக் காட்டிக் கதாசிரியர் தப்பித்துக்கொள்வார். மச்சமே இல்லாவிட்டால்? மனிதக் குடலில் வாழும் அமீபாக்களின் சரித்திரத்தைப் படித்தபோதுதான், வைத்திய உலகம் அந்தச் சங்கடத்தில் எத்தனை காலம் தவித்திருக்கிறது என்று தெரிந்தது.

1875-ல் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், லோஷ் என்ற டாக்டர், சீதபேதியால் வாடிய ஒரு குடியானவனின் மலத்தில் அமீபாக்களைக் கண்டதை எழுதி வெளியிட்டார். ஆனால் திடகாத்திரமாக நடமாடுகிறவர்கள் வயிற்றிலும் அமீபா இருக்கிறதே! 1903-ல் ஷாடின் என்ற ஜெர்மானியர் இரண்டு ஜாதிகளைப் பிரித்துக் காட்டினார். குடலை அரிப்பது ஹிஸ்டாலிடிகா. சும்மா குடியிருப்பது கோலி. இவை வெளியேறுமுன் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அயோடின் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், முற்றிய கோலிக்குள் எட்டு உட்கரு, ஹிஸ்டாலிடிகாவுக்குள் நாலு. எண்ணத் தெரிந்தால் போதும்.

மணிலாவில் வாக்கர், செல்லார்ட்ஸ் என்ற இருவர் பிலிபிட் சிறைக் கைதிகளுக்கு இந்த அமீபாக்களை உள்ளே கொடுத்துப் பார்த்து, 1913-ல் முடிவை வெளியிட்டார்கள். கைதிகள் சம்மதித்தே உட்பட்டார்களாம். சிறைக்குள் இருப்பவன் சம்மதத்துக்கு என்ன மதிப்போ! கோலியை விழுங்கிய 20 பேரில் 17 பேருக்கு அது குடலில் நிலைத்தது. ஒருவருக்கும் சீதபேதி இல்லை. ஹிஸ்டாலிடிகாவை விழுங்கிய 20 பேரில் 18 பேருக்கு நிலைத்தது. நோயில் விழுந்தவர்கள் நாலே பேர்.

நாலு உட்கரு உள்ளதைச் சுமந்தும் பலர் ஏன் சௌக்கியமாக இருக்கிறார்கள்? 1925-ல் பிரெஞ்சுக்காரர் புரும்ப்ட் ஒரு பதில் சொன்னார். நாம் ஒன்று என்று நினைப்பது இரண்டு ஜாதி. தோற்றத்தில் வித்தியாசமே கிடையாது. ஒன்று துஷ்டன், மற்றது சாது. சாதுவுக்கு டிஸ்பார் என்று பெயரும் வைத்தார். சக விஞ்ஞானிகள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. கண்ணால் பிரித்தறிய முடியாததை எப்படி நம்புவது? அமீபா ரத்தச் சிவப்பணுவை விழுங்கியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பதிடம் அந்தத் தடயமும் இராது.

ஆகவே சந்தேகத்தின் பேரில் எல்லோருக்கும் மருந்து. அதுவும் சாமானிய மருந்தல்ல. முதல் உலக யுத்தத்திலேயே, நோயில்லாமல் அமீபாவைச் சுமந்த சிப்பாய்களுக்கு எமட்டீன் சேர்ந்த மருந்து கொடுத்தார்கள். குமட்டி வாந்தியெடுக்க வைக்கும். எமட்டீன் இருதயத்தையும் தாக்கக்கூடியது. அவர்களில் எத்தனை பேர் சாதுவைச் சுமந்தவர்களோ!

புரும்ப்ட் 1951-ல் காலமானார். 1978-ல் லண்டனில் சார்ஜண்ட் குழுவினர் அமீபாக்களின் என்சைம்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் எடுத்தவை ஒரு மாதிரி, சௌக்கியமானவர்களிடம் எடுத்தவற்றில் பெரும்பாலானவை வேறு மாதிரி! 1993-ல் டயமண்ட், கிளார்க் இருவரும் இவை இரண்டு ஜாதிகளே என்று நிறுவி, புரும்ப்ட் வைத்த பெயரையே சாதுவுக்குச் சூட்டினார்கள். டிஸ்பார் மட்டும் இருந்தால் மருந்தே வேண்டாம் என்று 1997-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லிவிட்டது.

இன்று மரபணுச் சோதனையில் இரண்டையும் பிரித்துவிடலாம். அந்த வசதி இல்லாமல் மைக்ராஸ்கோப் மட்டும் உள்ள இடங்களில், நாலு உட்கருவை எண்ணியபின், 'ஹிஸ்டாலிடிகா அல்லது டிஸ்பார்' என்று இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.