கோஷியைத் தெரியாத ராமானுஜன்

1913 ஜனவரி 16 தேதியிட்டு, மெட்ராஸ் துறைமுக குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம் நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். அந்தக் கடிதத்தில் தப்புகளும் இருந்தன என்பதை மட்டும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கென்னவோ சரியாக இருந்தவற்றைவிட அந்தத் தப்புகள்தான் சுவாரசியம்.

ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்ல ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருப்பதாக ராமானுஜன் எழுதினார். எவ்வளவு பெரிய எண்ணுக்குப் போனாலும் பிசகு பூஜ்ஜியமாகவோ ஏதோ ஒரு சின்ன எண்ணாகவோதான் இருக்கும் என்றார். பார்த்தால் அப்படித்தான் தெரியும். பத்து லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள். சூத்திரம் பிசகுவது வெறும் 29. பத்துக் கோடிக்குப் போனாலும் 97தான். ஆனால் ஆயிரம் கோடியில் 1,828 ஆகிவிடுகிறது. அதற்கு மேலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், எந்த வரம்புக்குள்ளும் நிற்காது.

ஏன்? ரீமன் 1859-லேயே காட்டியிருந்தார்: பகா எண்களின் கணக்கு, ஸீட்டா சார்பு எங்கெங்கே பூஜ்ஜியமாகிறதோ அந்தப் புள்ளிகளில் பொதிந்திருக்கிறது. அவற்றில் முக்கியமானவை எதுவும் எண்கோட்டில் இல்லை. கலப்பெண் தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விடையில் ஓர் அலையைச் சேர்க்கிறது. ராமானுஜனின் சூத்திரத்தில் அந்த அலைகள் கிடையாது. அந்தப் பூஜ்ஜியங்களே இல்லாத உலகில் பகா எண்கள் எப்படி இருந்திருக்குமோ அதைத்தான் அவர் எழுதியிருந்தார் என்பது ஹார்டியின் கணிப்பு. அவர் படித்து வளர்ந்த காரின் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன, கலப்பெண் சார்புகளின் கோட்பாடு இல்லை. 1825-இல் கோஷி வெளியிட்ட விஷயம் தொண்ணூறு வருஷம் கழித்தும் கும்பகோணத்துப் பையனுக்குப் போய்ச் சேரவில்லை.

நமக்கு மட்டும் சேர்ந்ததா என்றால், சேர்ந்தது, பதினாறு மார்க் கேள்வியாக. என்ஜினியரிங் இரண்டாம் செமஸ்டர், எம்-டூ பேப்பர். மூடிய பாதையில் ஒரு சுற்று சுற்றி வந்து தொகையிடு; உள்ளே சார்பு ஒழுங்காக இருந்தால் விடை பூஜ்ஜியம்; எங்காவது எகிறினால் அந்தப் புள்ளியின் ரெசிட்யூவை எடுத்து 2πi-ஆல் பெருக்கு. எங்கள் கல்லூரியில் இதை எதற்குச் செய்கிறோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வகுப்பில் அறுபது பேருக்குக் கோஷி தேற்றம் தெரியும், ராமானுஜனுக்குத் தெரியாது. இந்த நியாயத்தை என்னவென்று சொல்வது!

1914-இல் ராமானுஜன் வந்து இறங்கியதும் ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். இவரை உட்கார வைத்து ஆரம்பத்திலிருந்து பாடம் எடுத்தால் அந்த ஊற்றே அடைத்துவிடுமோ என்ற பயம். அதற்காக, ஸீட்டாவின் பூஜ்ஜியங்களைப் பற்றித் தெரியாமலே விட்டுவிடவும் மனம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார், லிட்டில்வுட்டும்தான். தான் கற்றுக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம் என்று ஹார்டி பிறகு எழுதினார். அதே ஹார்டிதான், பகுமுறைச் சார்பு என்றால் என்ன என்பது ராமானுஜனுக்குக் கடைசிவரை தெளிவாகப் புரிந்ததா என்பதே சந்தேகம் என்றும் எழுதினார். அதே வருஷங்களில் மெட்ராஸிலிருந்து போன கே. ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் முறையாகப் படித்துத் திரும்பி, மாநிலக் கல்லூரியில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அந்த முதல் கடிதத்தில் இன்னொரு தப்பும் இருந்தது. ஒரு தொடரின் கெழு, தான் தரும் சூத்திரத்துக்கு மிக அருகில் உள்ள முழு எண் என்றார். தவறு. ஆனால் ராமானுஜன் சொன்னவற்றிலேயே மிகவும் பலன் தந்தவற்றில் அதுவும் ஒன்று என்று ஹார்டி எழுதினார், ஏனென்றால் எண் பிரிவினைகள் பற்றிய வேலை அங்கிருந்துதான் கிளம்பியது.

4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். ஆக p(4) = 5. இப்படி எல்லா p(n)-களையும் கெழுக்களாகக் கோர்த்து ஒரு முடிவிலாத் தொடர் எழுதினால், ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் அது ஒழுங்கான சார்பு. உள்ளே ஒரு சுற்று வந்து தொகையிட்டால் நமக்கு வேண்டிய p(n) மட்டும் தனியாக வந்து விழும். அதே கோஷி. ஆனால் வட்டத்தின் விளிம்பு முழுக்கச் சார்பு எகிறுகிறது. நாங்கள் பரீட்சையில் போட்ட கணக்கில் இரண்டோ மூன்றோ புள்ளிகள். இங்கே எண்ணி மாளாது, இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக. எல்லாப் புள்ளிகளிலும் ஒரே வேகத்தில் எகிறவில்லை என்பதுதான் பிடிமானம். 1-க்குப் பக்கத்தில் மிக அதிகம், அடுத்து −1, அப்புறம் 1-இன் முப்படி மூலங்கள் என்று வரிசையாகப் பங்குகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கடைசி விடையில் பிசகு வரம்புக்குள் அடங்கும், விடாதீர்கள் என்று பிடிவாதமாக நின்றவர் ராமானுஜன்தான் என்று லிட்டில்வுட் சொல்கிறார். பகா எண்களில் பொய்த்துப்போன அதே நம்பிக்கை! இந்த முறை அவர் பக்கம் கோஷி இருந்தார். மேஜர் மக்மஹோன் p(200)-ஐத் தனியாகக் கணக்கிட்டு வைத்திருந்தார்: 3,972,999,029,388. சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வந்தது 3,972,999,029,388.004.

கட்டுரை 1918-இல் வெளியானது. 1937-இல் ராடமாகர் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து, துல்லியமாகக் குவியும் தொடராக ஆக்கினார். இன்று ஃப்ளின்ட் போன்ற நிரல் நூலகத்தில் பெரிய n-க்கு p(n) கேட்டால் உள்ளே ஓடுவது இந்தச் சூத்திரம்தான். அந்தக் கோடை வாசிக்கையில் உறுப்புகளைக் கூட்டும் சுழலைத் தாண்டியதும் ஒரு வரி வரும்: கிடைத்த தசம எண்ணை மிக அருகில் உள்ள முழு எண்ணாக்கு.