அடிமரம் இல்லாத ஆலமரம்



கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா மாவட்டத்துச் சிப்பூரில், 1787-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாவரவியல் பூங்கா ஒன்று உண்டு. அங்குள்ள பேராலமரத்துக்கு 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது சொல்லப்படுகிறது. 1864-இலும் 1867-இலும் வங்கத்தைத் தாக்கிய இரண்டு பெரும்புயல்கள் அதன் முதன்மைக் கிளைகளை முறித்தன. முறிந்த இடங்களின் வழியே பூஞ்சை உட்புகுந்தது. ஏறத்தாழ ஐம்பது அடிச் சுற்றளவு கொண்ட அடிமரம் உள்ளூர உளுத்துக்கொண்டே வந்தது. இறுதியில் 1925-ஆம் ஆண்டு அதனை முற்றாக அகற்றிவிட்டார்கள்.

ஆயினும் மரம் சாகவில்லை. இன்று நான்கரை ஏக்கருக்கு மேல் பரந்து, ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் நிற்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு தோப்பாகத் தோன்றும். 2020 மே மாதம் ஆம்பன் புயலில் சில விழுதுகளை இழந்தும் நிலைத்திருக்கிறது.

இந்த வரலாற்றில் என் மனத்தை நிறுத்துவது ஒரு கணக்கு. இரண்டாம் புயலுக்கும் அடிமரம் அகற்றப்பட்டதற்கும் இடையே 58 ஆண்டுகள். ஆலின் விழுது மண்ணைத் தொட்டதும் தானே வேர்விட்டு நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. நாளடைவில் பருத்துத் தூணாகிறது. அதன்பின் அக்கிளைக்குத் தாய்மரத்தின் தயவு தேவையில்லை. 1867-இலேயே அடிமரத்தை வெட்டியிருந்தால் எத்தனை கிளைகள் பிழைத்திருக்கும் என்பது ஐயமே. பூஞ்சை பற்றிய அடிமரத்தை என்றென்றைக்கும் விட்டுவைத்திருந்தாலோ, அது எஞ்சிய பகுதிக்கும் கேடாகியிருக்கலாம். மரத்தின் உயிர் இப்போது எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கண்டறிவதே அங்கே தீர்ப்பாயிற்று.

நம் சென்னையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரம் ஏறத்தாழ 450 ஆண்டுகள் பழமையானது என்பர். 1989-இல் வீசிய புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. காப்பாற்ற முயன்றார்கள், பழைய நிலைக்கு அது திரும்பவில்லை. இன்று அங்கே நிழல் தருபவை விழுதுகளிலிருந்து எழுந்த மரங்களே.

எல்லா மரத்துக்கும் விழுது இல்லை. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு 'கர்வாலி' என்று அழைக்கும் மரம் நம் சமவெளியில் வளர்வதில்லை. ஆங்கிலத்தில் ஓக் எனப்படுவது அதுவே. ஆதியாகமம் 18-இல் 'மம்ரேயின் சமபூமி' என்று நாம் வாசிக்கும் இடத்தில், எபிரெய மூலத்தில் இருப்பது மரங்களைக் குறிக்கும் சொல். எபிரோன் அருகே ஆபிரகாமின் மரம் என்று போற்றப்பட்ட கர்வாலி ஒன்று இருந்தது. (பண்டைய மம்ரே அவ்விடமன்று, சற்று அப்பால் என்பதே ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.) 19-ஆம் நூற்றாண்டில் அந்நிலத்தை ரஷ்ய திருச்சபையினர் வாங்கினார்கள். யாத்திரிகர்கள் பக்தியோடு அதன் பட்டையை உரித்துச் சென்றதுண்டு; பக்தி மரத்துக்குச் செய்த நன்மை அவ்வளவுதான்! வேலியிட்டார்கள், இரும்புத் தாங்கிகளால் முட்டுக்கொடுத்தார்கள். 1996-இல் அது பட்டுப்போயிற்று. சில ஆண்டுகளில் அடியிலிருந்து ஒரு தளிர் எழுந்தது.

இவற்றை இப்போது எழுதக் காரணம், நம் வளாகச் சுவரையொட்டி நிற்கும் புளியமரம். அடியில் பொந்து விழுந்துள்ளது; சாலைப்பக்கக் கிளையொன்று சென்ற மழையில் முறிந்தது. வெட்டிவிடலாம் என்று ஒரு சாராரும், முன்னோர் காலத்து மரத்தைத் தொடக்கூடாது என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இரு சாராரின் அச்சமும் எனக்கு விளங்குகிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நம் பகுதியைக் கடந்ததை மறந்தவர் யார்? மறுபுறம், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழுந்தது முதல் ஒரகடம் வரை ஆலைகள் பெருகின. சிங்கப்பெருமாள்கோவில் சாலை அகலமாயிற்று. நிழல் தரும் முதிய மரங்கள் இங்கே அரிதாகிவிட்டன. அதிகாலையில் ஷிப்டு பேருந்துக்குக் காத்திருக்கும் வடமாநிலப் பிள்ளைகளுக்கும் நம் புளியமரமே நிழற்குடை.

பொந்து மட்டுமே மரணத்தின் அடையாளமன்று. மரத்தின் நடுக்கட்டை ஏற்கெனவே உயிரற்றது. நீரும் உணவும் ஓடுவது பட்டையை அடுத்த புறப்பகுதியில். அது நலமாயிருந்தால் பொந்துள்ள புளி பல்லாண்டு நிற்கும். அஞ்சவேண்டியவை வேறு: ஒரு பக்கம் மண் மேலெழும்புதல், புதிதாகச் சாய்தல், அடியில் காளான் முளைத்தல், கவட்டில் விரிசல். இவற்றுள் முதல் இரண்டும் தென்பட்டால் நான் தயங்காமல் வெட்டச் சொல்வேன். மனித உயிருக்கு மேலாக மரத்தை வைக்க எனக்கு மனமில்லை.

லூக்கா 13-இல் கனி கொடாத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசும் தோட்டக்காரன், அதனை ஒருபோதும் வெட்டவேண்டாம் என்று கேட்கவில்லை. ஓராண்டு தவணை கேட்கிறான். அவ்வாண்டில் சுற்றிலும் கொத்தி எருப்போடும் வேலையைத் தன் தலைமேல் ஏற்கிறான். அதற்குப் பின்னும் பலனில்லையெனில் வெட்டலாம் என்று ஒப்புக்கொள்கிறான். காப்பாற்றவேண்டும் என்று சொல்பவர் மண்வெட்டியையும் எடுக்கவேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவின்முன் நான் வைத்திருக்கும் யோசனை இது. மரத்தடியைச் சுற்றி நாமே போட்ட சிமெண்டுத் தளத்தை உடைத்து எடுப்போம். வேருக்குக் காற்றும் நீரும் செல்லட்டும். பட்ட கிளைகளை நீக்கி, சாலைப்பக்கப் பாரத்தை ஐப்பசி மழைக்கு முன் குறைப்போம். மரநோய் அறிந்த ஒருவரை அழைத்து வேரையும் அடியையும் காட்டுவோம். ஒரு வடகிழக்குப் பருவமழை கடக்கட்டும். தை மாதத்தில் மீண்டும் கூடி முடிவெடுப்போம். அதுவரை ஞாயிறுதோறும் இருசக்கர வாகனங்களை மரத்தடியில் நிறுத்தாமல் மேற்கு வாயிலருகே நிறுத்துங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பும் இந்த வாரம் முதல் ஆலயத் தாழ்வாரத்தில் நடைபெறும்.