நந்தியால் வெளியே நின்ற 28 ஆண்டுகள்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன் சபை, மெதடிஸ்ட் சபை, பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908இல் சேர்ந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அன்று ஒன்றாயின. பேராயர் இன்றித் திருச்சபை இல்லை என்போரும், பேராயரே தேவையில்லை என்போரும் ஒரே சபையாக இணைந்தது, ஐரோப்பியச் சீர்திருத்தக் காலத்திற்குப் பின் அதுவரை நிகழாத ஒன்று.

இவ்விணைப்பைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் அந்தப் பேராலயத்தோடு நின்றுவிடுகின்றன. தெலுங்கு நாட்டின் நந்தியாலை அவை ஓரிரு வரிகளில் கடந்துவிடும். தோர்ணக்கல் திருமண்டலத்தைச் சேர்ந்த அப்பகுதியின் ஆங்கிலிக்கன் மக்களில் பெருந்தொகையினர் புதிய சபையில் சேர மறுத்துப் பழைய சபையிலேயே நீடித்தனர். அதே தோர்ணக்கலின் பேராயர் வே. சா. அசரியாதான் இணைப்புக்காக மிகுதியும் உழைத்தவர் என்பது இதிலுள்ள முரண். 1945 சனவரி 1 அன்று மறைந்த அவர் இணைப்பையும் காணவில்லை, பிரிவையும் காணவில்லை.

பேச்சு தொடங்கியது 1919 மே மாதத்தில், தரங்கம்பாடியில். கூடியோர் 33 பேர். இருவர் தவிர அனைவரும் இந்தியர். இப்பிரிவுகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என்பதே அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சண்டைகளைத் தெலுங்கு, தமிழ்ச் சிற்றூர்களின் சபைகள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

எனினும் கேள்வியின் நியாயம் மட்டும் சபைகளை இணைத்துவிடவில்லை. முட்டுக்கட்டை குருப்பட்டத்தில் இருந்தது. பேராயரின் கைவைப்புப் பெறாத போதகர் நடத்தும் திருவிருந்து செல்லுமா? அவர்களுக்கு மீண்டும் பட்டம் கொடுத்தால், அதுவரை அவர்கள் செய்த ஊழியம் பொய்யென்றாகும். கொடாமல் விட்டால் ஆங்கிலிக்கரின் மனச்சாட்சி புண்படும். இறுதியில் எவருக்கும் மறுபட்டம் இல்லை, இனிவரும் பட்டங்கள் யாவும் பேராயர் வழியே என்று முடிவாயிற்று. இருவகைக் குருத்துவமும் அருகருகே நிற்க 30 ஆண்டுகள் ஒதுக்கப்பட்டன. எந்தச் சபைமீதும் அது நெடுங்காலம் பழகாத வழிபாட்டையோ, மனச்சாட்சியோடு மறுக்கும் ஊழியத்தையோ திணிப்பதில்லை என்ற உறுதிமொழியும் சேர்ந்தது.

இவ்வுரையின் மொழி கூர்ந்து நோக்கத்தக்கது. பேராயர் முறை வேண்டும் என்று அது கூறும். ஏன் வேண்டும் என்பதற்கு எந்த ஒரு விளக்கத்தையும் கட்டாயமாக்காது. இதனை மழுப்பல் என்றவர்கள் அன்றே இருந்தனர். ஆனால் காரணத்தில் உடன்படாதவர்கள் செயலில் உடன்பட வேண்டுமானால், இத்தகைய மௌனத்துக்கு உரையில் இடம் விட்டே ஆக வேண்டும்.

அந்த மௌனம் நந்தியாலாருக்குப் போதவில்லை. அவர்களைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது எளிது, அது சரியன்று. தங்களை வளர்த்த சபையின் ஒழுங்கே மெய்யான ஒழுங்கு என்று கற்பிக்கப்பட்ட மக்கள் அதனை மெய்யென்றே நம்பினர். அதே ஐயம் இங்கிலாந்திலும் இருந்தது. புதிய சபையின் குருப்பட்டங்களை அங்குள்ள ஆங்கிலிக்கன் மாமன்றங்கள் ஏற்றது 1955இல்தான், அதுவும் வரையறைகளோடு.

இணைந்த சபைக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. 1950இல் வெளிவந்த திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் பகிரும் சடங்கு இடம்பெற்றது. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து எடுக்கப்பட்ட அதில், பீடத்தருகே தொடங்கும் சமாதானம் கைகளுக்கிடையே கை பற்றி வரிசை வரிசையாகச் சபை முழுவதும் செல்லும். கைக்குக் கை தொட்டாக வேண்டும். தெலுங்குச் சபைகளில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தினர். ஊராரால் ஒருசேரத் தீண்டப்படாதவர் எனத் தள்ளப்பட்டவர்கள், தமக்குள்ளும் விலகியே வாழ்ந்தவர்கள். இப்பிரிவு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்ததன்று. தரங்கம்பாடி அறிக்கையின் வாதம் இதற்குப் பொருந்தாது.

இணைப்பின் உறுதிமொழியில் சாதி என்ற சொல்லே இல்லை. குருப்பட்டத்தை எண்ணி எழுதப்பட்ட உரை அது. ஒரு போதகரை மக்கள் ஏற்க மறுக்கும்போது மறுப்பது மனச்சாட்சியா, சாதியா என்று பிரித்தறிய அதில் வழி இல்லை. பேராயரைப் பற்றிய வாக்கியங்களுக்குச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு இதற்கும் கிடைத்திருக்கலாம்.

நந்தியால் 1975இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்து, அதன் திருமண்டலங்களுள் ஒன்றாயிற்று. தரங்கம்பாடியிலிருந்து சென்னைப் பேராலயம் வரை பேசி முடிக்க ஆனவை 28 ஆண்டுகள். நந்தியால் வந்து சேர ஆனவையும் 28 ஆண்டுகள். உரையில் குறித்திருந்த 30 ஆண்டுத் தவணை தீர அப்போதும் ஈராண்டு மீதி இருந்தது.