இருந்து குடிக்கும் கடை: எதோவிலிருந்து களியக்காவிளை வரை

இந்த முறை கொஞ்சம் 'போதை'யான சரித்திரம். பயப்பட வேண்டாம், யாரையும் குடிக்கக் கூப்பிடவில்லை :-)

ஜப்பானியப் படங்கள் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கடை பழக்கமாகியிருக்கும். வாசலில் சிவப்புக் காகித விளக்கு, பாதி வாசலை மறைக்கிற துணித் திரை. உள்ளே வேலை முடிந்து வந்த நாலு பேர். ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் சாக்கே (அரிசியில் செய்கிற மது). நடுவில் குச்சியில் குத்திச் சுட்ட கோழி, மீன், உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வரும், எல்லோரும் பகிர்ந்து தின்பார்கள். இதற்குப் பெயர் இசகாயா. 'இ' என்றால் இருத்தல், 'சாக்கே' என்றால் மது, 'யா' என்றால் கடை. அதாவது இருந்து குடிக்கும் கடை. அங்கேயும் வினைச்சொல் 'இரு'தான்! உடனே ஓனோ சுசுமுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மொழி உறவு பேச ஆரம்பிக்காதீர்கள். இது வெறும் ஒலி ஒற்றுமை.

இந்தக் கடை எப்படிப் பிறந்தது? இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எதோ. அங்கே சாக்கே விற்ற கடைகளில் அளந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். சிலர் வீடு வரைக்கும் பொறுக்க முடியாமல் கடையிலேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். 1596இல் தொடங்கிய தொஷிமாயா என்ற கடை சாக்கேயை மலிவாக விற்றதோடு, மிசோ தடவிச் சுட்ட தோஃபுவையும் விற்றது. 1657இல் பெரும் தீ எதோவை அழித்தபோது, ஊரைத் திரும்பக் கட்டத் தச்சர்களும் கூலிக்காரர்களும் குவிந்தார்கள். பெரும்பாலும் தனி ஆண்கள், வீட்டில் சமைக்க ஆளில்லை. சமைத்த உணவு விற்கும் கடைகள் பெருகின. மதுக்கடையும் சாப்பாட்டுக் கடையும் மெல்ல ஒன்றாகக் கலந்தன. 1811இல் எடுத்த கணக்குப்படி எதோவில் இப்படிப்பட்ட கடைகள் 1,808.

சரி, நம்மிடம் இது இருந்ததா?

பட்டினப்பாலையைப் புரட்டிப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடை வருகிறது. முற்றத்தில் மீன் வெட்டுகிறார்கள், இறைச்சி பொரியும் ஓசை கேட்கிறது, பலர் வந்துபோகிற வாசலில் கொடி பறக்கிறது. சிவப்பு விளக்குக்குப் பதில் கொடி, அவ்வளவுதான் வித்தியாசம். ஜப்பான்காரனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம்மிடம் இசகாயா இருந்திருக்கிறது!

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். இங்கே கள் என்றால் முதலில் பனை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி (மற்ற ஊர்க்காரர்களுக்குப் பதநீர்). தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகும். அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி. திருவிதாங்கூர் அரசு பனையேறிகளிடம் ஏணிக்கு ஏணிக்காணம், தளைக்குத் தளைக்காணம் என்று வரி வாங்கியது. பிற்காலத்தில் கள், சாராயக் குத்தகையிலும் அரசுக்கு நல்ல வருமானம். தொட்டுக்கொள்ளக் கிழங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனியைப் பரப்பினார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது மரச்சீனிதான் திருவிதாங்கூரின் உயிரைக் காப்பாற்றியது. மரச்சீனியும் காரமான மீன் கறியும் நம் வீட்டுச் சாப்பாடு ஆனது இப்படித்தான். கள்ளுக்கும் அதுவே ஜோடி.

1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மொழிக்காகப் போராடி வாங்கிய எல்லை அது. ஆனால் மொழியோடு சட்டமும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1948 முதலே முழு மதுவிலக்கு. அதற்குப் பிறகு 1971இல் கள்ளுக்கடை திறந்தார்கள், 1973இல் மூடினார்கள். 1981இல் திறந்தார்கள், 1987 ஜனவரி 1இல் மூடினார்கள். இரண்டு இடைவெளியும் சேர்த்தால் எட்டு வருஷம்கூட வராது. கள்ளுக்குத் தடை இன்றும் இருக்கிறது. 2003இல் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டபோதும் கள் உள்ளே வரவில்லை.

களியக்காவிளையைத் தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 1967இல் மதுவிலக்கு போனது. 1996இல் சாராயத்தை ஒழித்தபோதும் கள்ளை விட்டுவைத்தார்கள். விளைவு, கடை தொடர்ந்து இருந்தது, அடுப்பும் தொடர்ந்து எரிந்தது. கப்பை, மீன் கறி, தாராவு என்று பட்டியல் நீண்டது. 'ஷாப்புக் கறி' என்று தனி ருசிக்கே பெயர் வந்தது. இன்று கள் தொடாதவர்களும் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிற ஷாப்புகள் அங்கே உண்டு. எதோவில் நடந்தது அதேதான்: குடிக்கிற இடம் சாப்பிடுகிற இடமாக மாறியது.

இப்படிச் சொன்னதும் "அப்படியானால் மதுவிலக்கு தப்பா?" என்று சண்டைக்கு வருவீர்கள். அவ்வளவு சுலபமில்லை. கள்ளை எதிர்த்தது சென்னைச் சட்டம் மட்டுமில்லை. நம் மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குரு, கள் இறக்குவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்த தன் மக்களிடம் அதை விடச் சொன்னார். குடியால் அழிந்த வீடுகளைக் கண்ணால் பார்த்தவர்களின் குரல் அது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமையில்லை.

ஆனால் நடந்தது என்ன என்று பாருங்கள். குடி போகவில்லை, சாப்பாடுதான் போனது. இருந்து, பேசி, தின்று, கொஞ்சமாகக் குடிக்கிற வழக்கம் போய், அவசரமாக வாங்கி அவசரமாக விழுங்குகிற வழக்கம் வந்தது. கூடவே பனையேறியின் வருமானத்தில் ஒரு வழியும் அடைந்தது. கள் விற்கக்கூடாது, அக்கானிக்கும் கருப்பட்டிக்கும் பருவம் சில மாதம்தான். ஏற ஆளில்லாத பனை நிலத்தை அடைக்கும் மரம், அவ்வளவுதான். செங்கல் சூளைக்குப் பனை விறகாகப் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் நம்மைவிட ஒழுக்கமானவன் என்று நான் சொல்லவில்லை. கடைசி ரயிலில் சுருண்டு கிடப்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அவன் தன் கடையைச் சமூகத்தின் கண் முன்னால் வைத்திருந்தான். விளக்கு வெளியே தொங்கியது, அடுப்பு உள்ளே எரிந்தது. நாம் கொடியை இறக்கிவிட்டுக் கடையைச் சந்துக்குள் தள்ளினோம்.

ஒரே மண், ஒரே மரச்சீனி, ஒரே மீன் கறி. ஒரு சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் அது சுற்றுலாப் பயணிகள் தேடிவருகிற உணவு, இந்தப் பக்கம் வீட்டுக்குள் மட்டும் இருக்கிற உணவு. எல்லைகள் பிரிப்பது மொழியை மட்டும்தான் என்று யாராவது சொன்னால், பந்தியையும் பிரிக்கும் என்று சொல்லுங்கள்.