தனி வைத்தியமும் துணிச்சலும்: டாக்டர் மேரி ரட்ணம் காட்டிய வழி

அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தனியாகப் பெயர்ப் பலகை தொங்கவிடுவது எங்கள் சமூகத்தில் எப்போதுமே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட காரியம். வைத்தியர், சட்டத்தரணி என்றால் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, உளவளத்துணை வழங்குவதைத் தொழிலாகக் கொள்ளப் போகிறேன் என்று ஓர் இளம்பெண் சொன்னால், வீட்டிலேயே முதல் எதிர்ப்புக் கிளம்பும். "கதை கேட்கிறதுக்கு ஆர் காசு தரப்போகினம்?" என்பது முதலாவது கேள்வி. "அங்கை போறவையைப் பைத்தியம் எண்டெல்லோ ஊர் சொல்லும்" என்பது இரண்டாவது.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இத்தகைய முயற்சியில் இறங்கிய சிலரோடு உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தத் துணிச்சலை எங்கிருந்து பெறுவது? அப்போதெல்லாம் என் நினைவுக்கு வந்தவர், இதே கொழும்பில் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் தனி வைத்தியம் செய்த ஒரு பெண்மணி. அவர் உளவளத்துணையாளர் அல்லர், பெண்நோயியல் வைத்தியர். ஆயினும் அவருடைய வாழ்க்கை மேற்படி கேள்விக்கு நேரடியான பதிலைத் தருகிறது என்பது என் கருத்து.

டாக்டர் மேரி ரட்ணம் 1873ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பிறப்பால் மேரி இர்வின். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாக இருந்த நாளில் ரொறன்ரோவில் வைத்தியக் கல்வியை முடித்து, அமெரிக்க மிஷனின் சார்பில் யாழ்ப்பாணத்துக்கு வந்து பணிபுரியத் தெரிவானார். புறப்படுவதற்கு முன் நியூயோர்க்கில் சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரட்ணம் என்ற யாழ்ப்பாணத் தமிழரைச் சந்தித்து, 1896இல் அவரையே மணம் செய்துகொண்டார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. சுதேசி ஒருவரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை மிஷனரிமார் தங்களோடு சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. இணுவிலில் பெண்களுக்கான வைத்தியப் பணியில் அவருக்கென இருந்த இடம் இல்லாமற் போயிற்று. எல்லா மனிதரும் ஆண்டவனின் பிள்ளைகள் என்று போதித்தவர்களே இப்படி நடந்துகொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருபத்து மூன்று வயது. அந்நிய நாடு. அழைத்தவர்களே கதவைச் சாத்திவிட்டார்கள். கொழும்புக்கு வந்த மேரி ரட்ணம் சிறிது காலம் லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் அரசாங்க சேவையில் இருந்தார். இலங்கைப் பெண்களுள் முதன்முதலாக வைத்தியராகத் தகுதி பெற்ற அலிஸ் டி போர் தமது படிப்பை முடித்தது 1899இல்தான் என்பதை நினைவிற் கொண்டால், பெண் வைத்தியர் ஒருவருக்கு அரசாங்க வேலை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும். அந்தப் பாதுகாப்பையும் விட்டு விலகி அவர் கொழும்பில் சொந்தமாக வைத்தியத் தொழிலை ஆரம்பித்தார்.

இந்த முடிவின் முக்கியத்துவத்தை வெறும் வருமானக் கணக்கால் அளவிட முடியாது. குடியேற்ற நாட்டு அரசின் சம்பளத்தைப் பெறும் ஒருவர் பொது விடயங்களில் வாய் திறப்பது எளிதல்ல. மிஷனின் சம்பளத்தைப் பெறுபவருக்கு அதைவிடக் கட்டுப்பாடு அதிகம். சொந்தத் தொழில் செய்பவருக்கோ மாத முடிவில் எவ்வளவு கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. அதேவேளை, அவரை வேலையால் நீக்கவும் எவராலும் முடியாது. நிச்சயமற்ற வருமானத்தை விலையாகக் கொடுத்து மேரி ரட்ணம் சுதந்திரத்தை வாங்கினார் என்றே நான் கருதுகிறேன். பின்னாளில் அந்தச் சுதந்திரத்தை அவர் எப்படிச் செலவிட்டார் என்பதுதான் வரலாறு.

1904இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியத்தை அமைத்துச் சுகாதாரம், குழந்தை வளர்ப்பு முதலியவற்றைப் பெண்களுக்குக் கற்பிக்க முயன்றார். 1909இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் தோன்றியதும் அவருடைய முயற்சியாலேயே. கலாலயம் என்ற இசை நடனப் பள்ளியை நடத்திய சங்கம் அதுவே என்று சொன்னால் கொழும்புத் தமிழர் பலர் வியப்படைவார்கள். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராக இருந்தார். அந்தக் கோரிக்கை அதே ஆண்டில் இலங்கை வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட்டது. 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. 1930இல் கனடாவின் கிராமிய மாதர் நிலையங்களை முன்மாதிரியாகக் கொண்டு அவர் ஆரம்பித்த லங்கா மகிளா சமிதி நாடெங்கும் கிராமங்களுக்குப் பரவியது.

எல்லாவற்றிலும் ஆபத்தான அடியை அவர் எடுத்து வைத்தது 1937இல். கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை நிலையம் ஒன்றை ஆரம்பிப்பதற்கு அவர் முன்னின்றார். அக்காலத்துக் கொழும்பை நினைத்துப் பாருங்கள். 1930 டிசம்பரில்தான் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்திருந்தார். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றி வாழ்ந்த கத்தோலிக்க மக்களுக்கு அது வேதவாக்கு. சமய உணர்ச்சி அங்கே எவ்வளவு விரைவில் தீப்பற்றும் என்பதற்கு 1883 ஈஸ்டர் ஞாயிறன்று மூண்ட கொட்டாஞ்சேனைக் கலவரம் சான்று. ஏனைய சமயத்தவர்களும் இவ்விடயத்தில் தாராள மனதோடு இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. தனி வைத்தியம் செய்பவரிடம் வரும் நோயாளிகள் நாளைக்கே வராமல் விட்டுவிடலாம். மேரி ரட்ணம் பணயம் வைத்தது அதைத்தான். அதே ஆண்டில் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண்மணி என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது. பின்னர் நுட்பக் காரணமொன்றால் அந்த ஆசனத்தை அவர் இழக்க நேர்ந்தது வேறு கதை.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1937இல் அவருக்கு வயது 64. கொழும்புக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏறக்குறைய இரண்டு தலைமுறைத் தாய்மார் அவரை அறிந்திருந்தார்கள். ஆபத்துக் குறைந்த காரியங்களை முதலில் செய்து, அதனால் ஈட்டிய நம்பிக்கையை முதலாக்கி, ஆபத்து மிகுந்த காரியத்தில் அவர் இறங்கினார். மேலும், எந்த இடத்திலும் அவர் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஒரு சங்கத்தைக் கட்டினார். துணிச்சல் பிறவிக் குணம் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இனி எங்கள் காலத்துக்கு வருவோம். மன வேதனையைக் கேட்பதற்கென்று கொழும்பில் தோன்றிய அமைப்புகளுள் குறிப்பிடத்தக்கது 1974இல் ஆரம்பிக்கப்பட்ட சுமித்ரயோ. தொண்டர்கள் கட்டணமின்றி, வருபவரின் பெயரைக்கூட வற்புறுத்தாமல் கேட்டார்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த இரகசியத்தின் பெறுமதி புரியும்.

தமிழரைப் பொறுத்தவரை இரகசியம் என்பதற்கு இன்னொரு பாரமும் இருந்தது. போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்தவர்களிடம் சொல்லித் தீராத கதைகள் இருந்தன. ஆனால் எவரிடம் சொல்வது? சொன்னது எங்கே போய்ச் சேரும்? 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் அச்சம் நெஞ்சில் இறங்கிவிட்டது. இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரம் இருப்பாரா என்று தெரியாத சூழலில், தமிழில் மனக்காயங்களைக் கேட்கத் துணிந்தவர்களின் பணி சாதாரணமானதல்ல.

இன்று அந்தச் சூழல் மாறிவிட்டது. தடைகள் வேறு வடிவில் உள்ளன. வெள்ளவத்தையில் ஒரு மாடிப்படி ஏறினால் கீழே கடையில் நிற்பவர் உறவினராக இருப்பார். வாடகை உயர்வு. கட்டணம் கேட்கக் கூச்சம். கேட்காவிட்டால் அறையைத் திறந்து வைக்க முடியாது. இலவசமாகக் கிடைப்பதுதான் சேவை, காசு வாங்கினால் வியாபாரம் என்ற எண்ணம் எங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மேரி ரட்ணத்தின் தொழில் வருமானமே அவருடைய சமூகப் பணிக்குத் தூணாக நின்றது என்பதை இப்படிப்பட்டவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், புதிதாக இத்தொழிலில் இறங்குகிறவர்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். முதலாவது, பெயர்ப் பலகைக்கு முன்னர் முறையான பயிற்சி. அது இல்லாத துணிச்சல் வருபவரின் உயிரோடு விளையாடுவதாகும். இரண்டாவது, தம்மைக் கேள்வி கேட்கவும் தாங்கவும் கூடிய சக தொழிலாளர் வட்டம். மூன்றாவது, சிறிய நம்பிக்கைகளைக் காப்பாற்றிப் பெரிய நம்பிக்கையை ஈட்டும் பொறுமை. ஒருவர் சொன்ன இரகசியத்தைப் பத்து ஆண்டுகள் வெளியே விடாதவரிடம் பதினோராவது ஆண்டில் ஊரே வரும்.

மேரி ரட்ணத்துக்கு 1958இல் ரமொன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. 1962இல் அவர் காலமானார். குமாரி ஜயவர்தன ஆங்கிலத்தில் எழுதிய நூலின் வாயிலாகவே அவருடைய வரலாறு ஓரளவு அறியப்பட்டிருக்கிறது. தமிழ் மாதருக்கென்று கொழும்பில் ஒரு சங்கத்தைக் கட்டிய அவரைப் பற்றித் தமிழில் விரிவான நூல் ஒன்று வர வேண்டும். அவரிடம் வைத்தியம் பெற்ற தாய்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகளை அவர்களாவது மறந்துபோகுமுன் எழுதி வைக்க வேண்டும்.