ஒரு மெழுகுவர்த்தியும் 1,600 கேபிள்களும்

இன்னைக்கு எபிசோடு ஒரு படத்தோட வரலாறு. பெரிய ப்ராஜெக்ட்டுகளில் என்னென்ன தப்பாப் போகலாம் என்பதை ஒரே பக்கத்தில் வரைஞ்சு காட்டுற படம். ஐடியிலோ கட்டுமானத்திலோ வேலை பார்க்கிறவங்க அதோட தூரத்துச் சொந்தக்காரரைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க: பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டம் போட்ட ரிஸ்க் ஷீட். ஒரு ரிஸ்க்குக்கு ஒரு வரி, ஒரு எண், ஒரு பொறுப்பாளர். எனக்கு அந்த ஷீட் மேல ரொம்ப நாளா ஒரு குறை உண்டு. 14ஆம் வரியில இருக்கிற ரிஸ்க்கும் 31ஆம் வரியில இருக்கிற ரிஸ்க்கும் கைகோத்துக்கிட்டு வந்தா என்ன ஆகும்? அதை எழுத அந்த ஷீட்டில இடமே கிடையாது.

இது பழைய குறை. இதைப் புரிஞ்சுக்க 1961-62க்குப் போகணும்.

அமெரிக்க விமானப்படை அப்போ மினிட்மேன் என்ற ஏவுகணையைத் தயார் பண்ணிக்கிட்டிருந்தது. நிலத்தடிக் குழிக்குள் எப்போதும் தயாராக நிற்கிற அணு ஏவுகணை. ஏவ வேண்டிய நேரத்தில் அது கிளம்பாமல் போனால் ஒரு பிரச்சினை. யாரும் சொல்லாமல் தானாகக் கிளம்பிவிட்டால்? அது உலகத்துக்கே பிரச்சினை. அதன் ஏவுதள கன்ட்ரோல் அமைப்பை ஆராயும் வேலையில் இருந்த பெல் டெலிபோன் லேபரட்டரீஸின் எச்.ஏ. வாட்சன், கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். ஒவ்வொரு பாகமாக எடுத்து "இது கெட்டால் என்ன ஆகும்" என்று கேட்பதுதான் அதுவரை இருந்த பழக்கம். வாட்சன் முதலில் பக்கத்தின் உச்சியில் நடக்கவே கூடாத விஷயத்தை எழுதினார். அப்புறம், "இது நடக்கணும்னா அதுக்கு முன்னாடி என்னவெல்லாம் நடந்திருக்கணும்?" என்று கீழே கீழே இறங்கினார். வரைஞ்சு முடிச்சா வேர் கீழ்நோக்கிப் பரவின மரம் மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் ஃபால்ட் ட்ரீ. நாம பழுது மரம்னு வச்சுக்கலாம்.

மரத்தின் கிளைகள் சேரும் இடத்தில் ரெண்டு வகைக் கதவு இருக்கும். ஒண்ணு "அல்லது" கதவு, இன்னொண்ணு "மற்றும்" கதவு. உதாரணத்துக்கு, உச்சியில "இன்டர்வியூவுக்கு நேரத்துக்குப் போகல" என்று எழுதுங்க. அலாரம் அடிக்கல, அல்லது வண்டி கிடைக்கல. இதுல எது நடந்தாலும் கதை முடிஞ்சது. வண்டி கிடைக்கலங்கறதுக்குக் கீழ: கேப் வரல, மற்றும் ஆட்டோ இல்ல, மற்றும் பஸ் வரல. மூணும் சேர்ந்து கைவிட்டாத்தான் மாட்டுவோம். ஒவ்வொண்ணும் கைவிட நூத்துல ஒரு வாய்ப்புன்னா, மூணையும் பெருக்கினா பத்து லட்சத்துல ஒண்ணு. அடேங்கப்பா, கவலையே வேண்டாம்!

சென்னையில இருக்கிறவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. நவம்பர் மழை ஒண்ணு கொட்டினா மூணும் ஒரே நேரத்துல காணாமப் போகும். மரத்துல மழைக்கு இடம் போடலை. இதை மனசுல வச்சுக்கோங்க.

மினிட்மேன் திட்டத்தில் இருந்த போயிங் நிறுவனம் இந்த மரத்தைப் பிடித்துக்கொண்டது. 1965ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு மாநாடே நடத்தியது. அங்கிருந்து விமானத் துறைக்கும் அணுமின் துறைக்கும் பழுது மரம் பரவியது.

அணுமின் துறையில் அதற்குக் கிடைத்த பெரிய மேடை, எம்.ஐ.டி. பேராசிரியர் நார்மன் ராஸ்முஸன் தலைமையில் நடந்த ஆய்வு. வாஷ்-1400 என்று பெயர். அணு உலையில் பெரிய விபத்து நடக்க என்ன வாய்ப்பு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் வேலை. நூற்றுக்கணக்கான கிளைகள், ஒவ்வொரு பம்புக்கும் வால்வுக்கும் ஒரு எண். வரைவு அறிக்கை 1974 ஆகஸ்டில் வந்தது. அதன் சுருக்கத்தில் அணு உலை விபத்தால் மக்கள் சாகும் ஆபத்தை விண்கல் விழுந்து சாகும் ஆபத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். பத்திரிகைக்கு ரொம்பப் பிடிக்கிற ஒப்பீடு, இல்லையா?

ஏழு மாசம்தான் ஆச்சு.

1975 மார்ச் 22, சனிக்கிழமை. அலபாமா மாநிலம், டென்னசி ஆற்றங்கரையில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம். ரெண்டு உலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மூன்றாவது கட்டுமானத்தில் இருக்கிறது. ரெண்டுக்கும் பொதுவான கன்ட்ரோல் அறைக்குக் கீழே ஒரு அறை. கன்ட்ரோல் அறையிலிருந்து இறங்கும் கேபிள்கள் எல்லாம் அங்கேதான் பிரிந்து, சுவர்த் துளைகள் வழியாக உலைக் கட்டடத்துக்குள் போகும். அந்தக் கட்டடத்திலிருந்து காற்று வெளியே கசியக் கூடாது. அதனால் உள்ளே காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைச்சே வச்சிருப்பாங்க. துளைகளை பாலியூரிதேன் நுரை வைத்து அடைப்பார்கள். அடைப்பு சரியா இருக்கான்னு பார்க்க ஒரு சோதனை: மெழுகுவர்த்தியை ஏற்றிப் பக்கத்தில் பிடிப்பது. சுடர் சாய்ந்தால் அங்கே காற்று கசியுதுன்னு அர்த்தம்.

ஆமா, அணு உலையிலதான். மெழுகுவர்த்திதான். எளிமையான, விலை மலிவான, நல்லா வேலை செய்யுற சோதனை. ஒரே சிக்கல், அந்த நுரை தீப்பிடிக்கும்.

மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் ஒரு துளையில் கசிவைக் கண்டுபிடித்து, நுரைத் துண்டைத் திணித்து, மறுபடியும் சுடரைப் பிடித்தார்கள். உள்ளே இழுக்கிற காற்று சுடரையும் சேர்த்து இழுத்தது. நுரை பற்றிக்கொண்டது. அடிச்சு அணைக்கப் பார்த்தார்கள், தீயணைப்பான் அடித்தார்கள். தீ அதுக்குள்ள சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது.

மேலே கன்ட்ரோல் அறையில் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பயமான பகுதி. விளக்குகள் பிரகாசமாகின்றன, மங்குகின்றன. பம்புகள் தானாக ஓடுகின்றன, நிறுத்தினால் திரும்பவும் ஓடுகின்றன. கீழே எரியும் கேபிள்களின் உறை உருகி, கம்பியும் கம்பியும் தொட்டு, யாரும் கொடுக்காத கட்டளைகள் மேலே கீழே போய்க்கொண்டிருந்தன. 12:51க்கு முதல் உலையை நிறுத்தினார்கள். அணு உலையை நிறுத்தினாலும் சூடு நிக்காது, தண்ணீர் போய்க்கிட்டே இருக்கணும். அதற்கென்றே முதல் உலையில் இருந்த அவசரக் குளிர்விப்பு பம்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போயின. ஆபரேட்டர்கள் உலையின் அழுத்தத்தைக் குறைத்து, அந்த வேலைக்கென்று வைக்கப்படாத சாதாரண பம்புகள் வழியாகத் தண்ணீரை உள்ளே அனுப்பிச் சமாளித்தார்கள். எரிபொருள் உருகவில்லை, கதிர்வீச்சு வெளியே வரவில்லை.

தீ சுமார் ஏழு மணி நேரம் எரிந்தது. உள்ளூர்த் தீயணைப்புத் தலைவர் தண்ணீர் அடிக்கலாம் என்று மதியமே சொல்லியிருந்தார். மின்கேபிள் மேலே தண்ணீரா என்று நிர்வாகம் தயங்கியது. கடைசியில் சாயங்காலம் தண்ணீர் அடிச்சதும் சீக்கிரமே அணைஞ்சிடுச்சு. கணக்கெடுத்தப்போ 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதம். அதில் 600க்கும் மேல் பாதுகாப்புக்கானவை.

இப்போ மரத்துக்குத் திரும்பலாம். அந்தப் பம்புகளின் கேபிள்களைப் பிரித்துத்தானே வைத்திருந்தார்கள்? ஆமாம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று தனித்தனிப் பிரிவாக, தனித்தனித் தட்டுகளில் கேபிள் போடுவதுதான் விதி. அப்படியிருந்தும் ரெண்டு பிரிவும் சேர்ந்து செத்தது எப்படி என்று விசாரணையில் தேடியபோது கிடைத்த விடைகளில் ஒன்று, கன்ட்ரோல் பேனலில் இருக்கும் சின்ன விளக்குகள். பம்ப் ஓடுதா நிக்குதான்னு காட்டுற விளக்கு. வெறும் விளக்குதானே என்று அதன் கம்பியைப் பாதுகாப்புக் கம்பியாகவே கணக்கில் எடுக்கவில்லை. அதனால் ஒரு பிரிவின் விளக்குக் கம்பி இன்னொரு பிரிவின் பக்கமாகப் போயிருந்தது. தீ அந்தக் கம்பி வழியாக ரெண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. நிலைமையைக் காட்ட வைத்த கருவியே இணைப்பாகிவிட்டது.

ராஸ்முஸன் குழுவை நான் கிண்டல் பண்ண வரலை. ஒரே காரணத்தால் பல பாகங்கள் கெடுவதை அவர்கள் யோசிக்காமல் இல்லை. அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 1978ல் லூயிஸ் குழு அந்த அறிக்கையைப் பரிசீலித்தபோது அந்தக் கணக்கைக் குறை சொன்னது, ஆனால் மரம் வரையும் முறையைப் பாராட்டியது. அந்த அறிக்கையில் சின்னக் கசிவுகளுக்கும் மனிதத் தவறுகளுக்கும் கொடுத்திருந்த முக்கியத்துவம் எவ்வளவு சரி என்று 1979ல் த்ரீ மைல் ஐலண்ட் விபத்து காட்டியது.

எழுபதுகளின் நடுவில் வந்த பீட்டா என்ற எண், இந்த இணைப்பைக் கணக்குக்குள் கொண்டுவரும் எளிய வழி. ரெண்டு பம்ப், ஒவ்வொன்றும் கெட நூற்றில் ஒரு வாய்ப்பு. தனித்தனின்னா ரெண்டும் சேர்ந்து கெட பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால் பழுதுகளில் பத்து சதவீதம் ரெண்டுக்கும் பொதுவான காரணத்தால் வருதுன்னு வச்சா, அது ஆயிரத்தில் ஒன்று ஆகிவிடும். மூணாவது பம்ப் வாங்கி வச்சாலும் அந்த ஆயிரத்தில் ஒன்று குறையாது. அந்தக் காசுக்கு ஒரு சுவர் கட்டலாம். அமெரிக்காவில் 1980ல் வந்த அணுமின் நிலையத் தீப்பாதுகாப்பு விதி கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது: மாற்று ஏற்பாடுகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் தாங்கும் தடுப்பு, இல்லையென்றால் 20 அடி இடைவெளியும் தானியங்கித் தீயணைப்பும்.

படமும் மாறியது. 1981ல் டொனால்ட் ஸ்டூவர்ட் என்பவர் டிசைன் ஸ்ட்ரக்சர் மேட்ரிக்ஸ் என்ற கட்டத்தை முன்வைத்தார். இடப்பக்கம் எல்லா வேலைகளும், மேலேயும் அதே வேலைகள் அதே வரிசையில். எது எதை நம்பியிருக்கோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி. ரிஸ்க் ஷீட்டில் இல்லாத இடம் இதில் இருக்கு. 14ஆம் வரிக்கும் 31ஆம் பத்திக்கும் ஒரு சந்திப்புக் கட்டம் உண்டு, அதைக் காலியா விடணும்னாலும் யோசிச்சுத்தான் விடணும். ஆனா 50 வேலைன்னா 2,450 கட்டம். அதனாலதான் மீட்டிங்குகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஜெயிச்சிடுது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம்ம கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்து, கன்டென்சருக்குத் தண்ணீர் தரும் பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த ஒரு உலையை ஆபரேட்டர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் வெளிநாட்டு நிபுணர்கள் அதே கல்பாக்கத்துக்கு வந்து, அணு நிலையங்களில் வெள்ளம் புகுந்தால் என்ன செய்வது என்று பேசினார்கள்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தில் பூகம்பத்தால் வெளி மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் சரியாக ஓட ஆரம்பித்தன. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. பெரும்பாலான ஜெனரேட்டர்கள் பேஸ்மென்ட்டில் இருந்தன, மூழ்கின. இரண்டாவது, நான்காவது உலைகளுக்கு வேறு கட்டடத்தில், கடல்நீர் தேவைப்படாத, காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஆளுக்கொன்று இருந்தது. அந்த ரெண்டும் நனையவே இல்லை. அவற்றின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச்போர்டுகள் பேஸ்மென்ட்டில் இருந்தன. ஜெனரேட்டரும் ஸ்விட்ச்போர்டும் சேர்ந்து தப்பியது ஆறாவது உலையில் மட்டும்தான். அந்த ஒரு ஜெனரேட்டரின் மின்சாரத்தைத்தான் ஐந்தாவது உலைக்கும் இழுத்துக் கொடுத்தார்கள்.