ஹாலோஜன்

கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' என்றால் உப்பு. 'ஜென்' என்பது பிறப்பிப்பது. ஜெர்மானிய வேதியியலர் ஷ்வைகர் 1811-இல் குளோரினுக்கு முன்மொழிந்த இப்பெயர், பின்னர் அயோடின், புரோமின் முதலியவற்றுக்கும் பொதுவாயிற்று. தமிழில் உப்பீனி, நேரான, அழகான ஆக்கம்.

ஆனால் ஹாலோஜன் ஓவனில் உணவைச் சுடுவது உப்பீனி அல்ல, விளக்குக் குழாய்க்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை. பிறகு அந்தப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். பெயர் சரிதான் என்பேன். சூடேறிய இழையிலிருந்து டங்ஸ்டன் ஆவியாகிக் குழாயின் உட்சுவரில் கறுப்பாகப் படியும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எல்மர் ஃப்ரிட்ரிக், எம்மட் வைலி இருவரும் குழாய்க்குள் சிறிது அயோடினைச் சேர்த்தார்கள். அது ஆவியைப் பிடித்து, சுவரில் ஒட்டவிடாமல், இழைக்கே திருப்பியது. 1959-இல் காப்புரிமை கிடைத்தது. சுடுவது இழையானாலும் அதை நீடிக்க வைப்பது உப்பீனியே.

ஓவனின் விளக்கு பழுதானால், குவார்ட்ஸ் ஹீட்டரும் கண்ணாடிக் குழாய்தானே, எதை மாட்டினால் என்ன என்பவர்கள் உண்டு. அதற்குள் இருப்பது பெரும்பாலும் வெறும் கம்பிச்சுருள்; மெல்லத்தான் சிவக்கும். ஹாலோஜனோ சுவிட்சைப் போட்டதும் பளீரென எரியும். ஆகவே மாற்று விளக்கு வாங்கும்போது 'ஹாலோஜன்' என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். வோல்ட், வாட், நீளம், முனை வடிவம் எல்லாம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். புதுக் குழாயை வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வை உப்பிலுள்ள சோடியம் கடும் சூட்டில் குவார்ட்ஸை வெளுக்கச் செய்து, விரிசல் விட வைக்கும்.